நாணயம் சரிந்தால் நஷ்டம் யாருக்கு?

2023ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, உலகின் மிகப் பெரிய கணினி கேம் கடையான ஸ்டீமில் இரண்டு நாணயங்கள் செல்லாமல் போயின. ஒன்று அர்ஜென்டினாவின் பெசோ, மற்றொன்று துருக்கியின் லிரா. முந்தைய நாள் வரை புயனோஸ் ஐரிஸில் இருந்தவர் பெசோவில் விலை பார்த்தார். அன்று முதல் அவருக்குத் திரையில் தெரிந்தது அமெரிக்க டாலர். இஸ்தான்புல்லிலும் அதே நிலைதான். பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது. கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் சொன்ன காரணம் சுருக்கமானது: இந்த இரு நாணயங்களின் மதிப்பு ஓயாமல் மாறுகிறது, அதனால் கேம் தயாரிப்பவர்களால் பொருத்தமான விலையை வைக்கவும் முடியவில்லை, வைத்த விலையைக் காப்பாற்றவும் முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, அர்ஜென்டினாவில் அப்போதுதான் பதவியேற்றிருந்த ஹாவியர் மிலேயின் அரசு பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பைப் பாதிக்கும் கீழே இறக்கியது. ஒரு டாலருக்கு 366 பெசோ என்றிருந்தது 800 ஆனது. பழைய முறை நீடித்திருந்தால் அந்த அடி கேம் தயாரித்தவர் மீது விழுந்திருக்கும். புதிய முறையில் அது முழுக்க முழுக்க வாங்குபவர் தலையில் விழுந்தது.

நாட்டுக்கு நாடு விலை மாறுவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘அங்கே ஏன் மலிவு, இங்கே ஏன் அதிகம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. என் பார்வையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாணயம் சரியும்போது வரும் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதுதான் முதல் கேள்வி. எந்த நாணயத்தில் விலை எழுதுவது என்று ஒரு கடை முடிவு செய்யும்போதே, அந்த நஷ்டம் யார் கணக்கில் ஏறும் என்பதும் முடிவாகிவிடுகிறது. விலைப் பட்டியலில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க விரும்புபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்டீமில் விலை வைப்பவர் கடைக்காரர் அல்ல. கேமைத் தயாரித்தவரோ அதை வெளியிடும் பப்ளிஷரோதான் வைக்கிறார். அவர் முதலில் டாலரில் ஒரு தொகையை எழுதுகிறார். உடனே வால்வின் அட்டவணை மற்ற நாணயங்களுக்கெல்லாம் ஒரு பரிந்துரையை நிரப்பிக் காட்டுகிறது. அதை ஏற்கலாம், மாற்றலாம். அந்தப் பரிந்துரை டாலர் விலையைச் சந்தை மாற்று விகிதத்தால் பெருக்கிப் போட்டது அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் பணத்தின் வாங்கும் சக்தி என்ன, பொதுவான விலைவாசி எப்படி, பொழுதுபோக்குப் பொருள்கள் என்ன விலைக்கு விற்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதாக வால்வ் சொல்கிறது. மூன்று பேர் வேலை செய்யும் சிறிய ஸ்டுடியோவில், இந்தோனேசிய ருப்பியாவையும் கஜகஸ்தானின் டெங்கேயையும் உட்கார்ந்து ஆராய யாருக்கு நேரம் இருக்கும்? பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சட்டப்படி அது வெறும் பரிந்துரைதான். நடைமுறையில் அந்த அட்டவணையே விலை.

இந்திய ரூபாய்க்கு இந்த அட்டவணையில் இடம் கிடைத்தது 2015 இறுதியில். அதற்கு முன் இங்கிருந்து வாங்கியவர் டாலர் விலையை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை செல்லும் கார்டில், வங்கி போடும் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த மாதிரி கார்டு வீட்டில் இல்லாத பிள்ளைகளுக்குக் கடை திறந்திருந்தும் உள்ளே போக வழியில்லை. ரூபாய் வந்த பிறகு நெட் பேங்கிங்கும், பின்னர் யுபிஐயும் வந்தன. கைச்செலவுப் பணத்தை மிச்சம் பிடித்து ஒரு கல்லூரி மாணவர் சொந்தமாகக் கேம் வாங்குவது அதன் பிறகுதான் சாதாரண விஷயமானது.

ஒரு கேமைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனி ஆளாகப் பல ஆண்டுகள் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ அங்கே 14.99 டாலர். இந்தியாவில் அதன் விலை பல ஆண்டுகளாக 480 ரூபாயை ஒட்டியே இருந்து வருகிறது. டாலருக்கு 83 ரூபாய் என்று வைத்தால் 14.99 டாலர் என்பது 1,244 ரூபாய். நாம் கொடுப்பது அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நம் 480 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். அமெரிக்க விலையில் வரி அடங்காது, மாநில விற்பனை வரி இருந்தால் அது பில்லில் தனியாகச் சேரும். இந்தியா, அமெரிக்கா விலைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விவரம் இது. நம் வரியைக் கழித்தால் மிஞ்சுவது 407 ரூபாய். கடையின் பங்கு 30 சதவீதம். விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்று அது இறங்கும். வழக்கமான 30 சதவீதத்தையே எடுத்துக்கொண்டால், தயாரித்தவர் கைக்கு வருவது 285 ரூபாய், ஏறத்தாழ மூன்றரை டாலர். அதே கணக்கில் அமெரிக்காவில் விற்கும் ஒரு பிரதி அவருக்குப் பத்தரை டாலர் தருகிறது.

அப்படியானால் ஒவ்வொரு இந்தியப் பிரதியிலும் அவருக்கு ஏழு டாலர் நஷ்டமா? இல்லை. கேமுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி முதல் பிரதி விற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடுத்தடுத்த பிரதிகளைத் தருவதற்கு ஆகும் செலவு மிக அற்பம். 1,244 ரூபாய்க்கு ஒருபோதும் வாங்கியிருக்காத ஒருவர் 480 ரூபாய்க்கு வாங்கினால், இல்லாத இடத்திலிருந்து 285 ரூபாய் வரவு. அமெரிக்கர் கொடுக்கும் பணத்தில் இந்தியர் விளையாடுகிறார் என்ற குற்றச்சாட்டு அவ்வப்போது எழுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் அதைச் சொல்ல மாட்டார். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் சர்வர் செலவு ஏறிக்கொண்டே இருக்கும் கேம்களுக்கு மட்டும் இந்த வாதம் கொஞ்சம் வலு இழக்கும்.

பிரிட்டனின் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் விலைப் பாகுபாட்டை மூன்று வகையாகப் பிரித்தார். வாங்குபவர்களைக் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு விலை சொல்வது அதில் மூன்றாம் வகை. ரயிலில் மூத்த குடிமக்களுக்குத் தந்த சலுகைக் கட்டணமும் இந்த வகைதான், நாட்டுவாரி கேம் விலையும் இந்த வகைதான். இது நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. மலிவான இடத்தில் வாங்கியவர் அதை விலை கூடிய இடத்துக்குக் கொண்டுபோய் விற்க முடியக் கூடாது.

நம் பொறியியல் மாணவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல் விற்கும் பாடநூலின் இந்தியப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தாள் மட்டமாக இருக்கும், அட்டையில் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டுமே விற்பனைக்கு என்று அச்சிட்டிருக்கும். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், ஊரில் உள்ள உறவினர்களையும் நண்பர்களையும் இப்படிப்பட்ட மலிவுப் பதிப்புகளை வாங்கி அனுப்பச் சொல்லி, அங்கே இணையத்தில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக வாங்கிய பிரதியை, அது எந்த நாட்டில் அச்சானாலும், மறுவிற்பனை செய்ய உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

கேம்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஸ்டீமில் நாம் வாங்குவது நம் அக்கவுண்டோடு கட்டப்பட்ட உரிமம். அதைக் கைமாற்ற முடியாது. பிரான்ஸில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதை எதிர்த்து வழக்காடி 2019இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. 2022இல் மேல்முறையீட்டில் தோற்றது. மறுவிற்பனை உரிமை நல்ல உரிமை என்றே நினைக்கிறேன். ஆனால் அது உலகம் முழுவதற்கும் வந்திருந்தால் 480 ரூபாய் விலை ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது என்பதையும் அதை ஆதரிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

நாட்டுவாரி விலை தாராள மனத்தால் பிறந்ததும் அல்ல. அது திருட்டுப் பிரதியோடு போட்டியிடப் பிறந்தது. சென்னையில் ஒரு தலைமுறை கேம் வாங்கியது பர்மா பஜாரில்தான். பிளாஸ்டிக் உறையில் கள்ள சிடி, உறைக்குள் மடித்து வைத்த மங்கலான நகல் அட்டை. அந்த விலையோடு நாற்பது டாலர் டப்பா எப்படிப் போட்டி போடும்? வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011இல் இதைப் பற்றிப் பேசினார். திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் சேவைக் குறைபாட்டால் வருவது என்பது அவர் வாதம். ரஷ்யாவுக்குப் போகாதே, எல்லாவற்றையும் திருடிவிடுவார்கள் என்று எல்லோரும் எச்சரித்தார்கள், போன பிறகு அதுவே ஐரோப்பாவில் தங்களுடைய பெரிய சந்தைகளில் ஒன்றாகிவிட்டது என்றார். சேவை என்று அவர் சொன்னதில் உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையும் அடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் எவ்வளவு வேகமாக டவுன்லோட் ஆனாலும் பயனில்லை.

இனி அர்ஜென்டினாவுக்கு வருவோம். 2018 தொடக்கத்தில் ஒரு ஸ்டுடியோ தன் கேமுக்கு 600 பெசோ என்று விலை எழுதியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது டாலருக்கு ஏறத்தாழ 19 பெசோ, ஆகவே அது ஏறத்தாழ 32 டாலர். 2019 இறுதியில் டாலர் 60 பெசோ ஆனது, அதே 600 பெசோ 10 டாலர் ஆகிவிட்டது. 2022 முடிவில் மூன்றரை டாலருக்கும் கீழ். 2023 நவம்பரில் ஒன்றே முக்கால் டாலர்கூட இல்லை. யாரும் விலையைக் குறைக்கவில்லை. எழுதிய எண் அப்படியே இருந்தது, அதன் அடியில் இருந்த தரைதான் இறங்கியது.

ஸ்டுடியோ ஏன் விலையை அவ்வப்போது மாற்றவில்லை என்று கேட்கலாம். பாதி காரணம் கவனக் குறைவு. மீதிப் பாதி கடையின் விதி. ஸ்டீமில் எந்த நாணயத்தில் விலையை உயர்த்தினாலும், அதற்குப் பிறகு 30 நாள் அந்தக் கேமைத் தள்ளுபடியில் போட முடியாது. போலியாக விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி என்று காட்டுவதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் சிறிய ஸ்டுடியோக்களின் வருமானத்தில் கணிசமான பங்கு கோடைக்கால, குளிர்கால சேல்களில்தான் வருகிறது. அர்ஜென்டினாவில் விலையைச் சரிசெய்யப் போய் உலகம் முழுவதும் ஒரு சேல் வாய்ப்பைத் தவறவிட யார் துணிவார்கள்? அதனால் விட்டுவிட்டார்கள்.

இப்படி இறங்கிய விலையால் புயனோஸ் ஐரிஸ் இளைஞருக்குப் பயன் இருந்தது உண்மை. அது வெளியில் தெரிவது போல அவ்வளவு பெரிதில்லை. கடையில் தெரியும் தொகைக்கு மேல், வெளிநாட்டுச் செலவுக்கென்று அவருடைய அரசு விதித்த வரிகளும் கார்டு பில்லில் ஏறின. முழுப் பயனும் பெற்றவர்கள் வேறு. விபிஎன் வழியாகத் தங்கள் அக்கவுண்டை அர்ஜென்டினாவுக்கோ துருக்கிக்கோ மாற்றிக்கொண்ட பணக்கார நாட்டுக்காரர்கள். அந்த நாடுகளின் கிஃப்ட் கார்டுகளைக் கள்ளச் சந்தையில் வாங்கி, 60 டாலர் கேமைச் சில டாலருக்கு எடுத்துக்கொண்டார்கள். அதைச் சாமர்த்தியம் என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அதில் சாமர்த்தியம் எதுவும் தெரியவில்லை. ஏழை நாட்டு வரிசையில் புகுந்து நின்றவர்களால் அந்த வரிசையே மூடப்படும் ஆபத்து வந்தது.

கடை ஒவ்வொரு பூட்டாகப் போட்டுக்கொண்டே வந்தது. 2014 டிசம்பரில் ரூபிள் சரிந்தபோது ரஷ்யாவில் வாங்கிய கிஃப்ட்களை வெளியே பயன்படுத்த முடியாதபடி செய்தது. 2017இல் கிஃப்ட் வாங்கிச் சேர்த்து வைக்கும் வசதியை எடுத்துவிட்டது, விலை வித்தியாசம் அதிகமுள்ள நாடுகளுக்கிடையே கிஃப்ட் அனுப்புவதையும் தடுத்தது. 2021இல் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நாடு மாற்றலாம் என்றது, அதுவும் அந்த நாட்டின் கார்டோ வங்கிக் கணக்கோ இருந்தால்தான். இந்தப் பூட்டுகளால் உண்மையாகவே ஊர் மாறிப்போகும் தொழிலாளிக்கும் மாணவருக்கும்தான் அதிகத் தொந்தரவு. வளைகுடாவிலிருந்து திரும்பும் ஒருவர் தன் அக்கவுண்டோடு சில காலம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் பூட்டு இல்லாமல் மலிவு விலை நிலைக்காது. இதில் என் நிலை தெளிவு: பூட்டு இருக்கட்டும்.

2022 அக்டோபரில் வால்வ், பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த பரிந்துரை அட்டவணையை ஒரேயடியாக மாற்றியது. பெசோவுக்கான பரிந்துரை 485 சதவீதம் உயர்ந்தது, லிராவுக்கு 454 சதவீதம். அந்த மாதம் துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சம்பளம் வாங்கியவுடன் செலவழித்துவிட வேண்டும், அடுத்த வாரம் அது வேறு பணம் என்ற நிலையில் இருந்த மக்களுக்கு இந்த உயர்வு வந்து சேர்ந்தது. ஓராண்டு கழித்து நாணயமே போயிற்று. ஆண்டுக்கு இரண்டு முறை சிறிது சிறிதாக மாற்றியிருந்தால் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்காது, விபிஎன் கூட்டமும் இவ்வளவு சேர்ந்திருக்காது. தவறு மக்களிடம் இல்லை, நாணயத்தில் மட்டும் இல்லை. பராமரிக்காமல் விட்ட அட்டவணையில் பெரும்பங்கு இருக்கிறது.

பழைய அட்டவணை எப்போதும் வாங்குபவருக்குச் சாதகமாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போலந்தைப் பாருங்கள். அதே 2022 அக்டோபரில், உக்ரைன் போரின் நிழலில், ஒரு டாலர் கிட்டத்தட்ட 5 ஸ்லோட்டி வரை போயிருந்தது. அந்த நேரத்து மதிப்பை ஒட்டிப் பரிந்துரை எழுதினார்கள். பிறகு ஸ்லோட்டி தேறி டாலருக்கு 4க்கும் கீழே வந்துவிட்டது. பரிந்துரை மட்டும் கூடவே இறங்கி வரவில்லை. விளைவு, ஜெர்மானியரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் போலந்துக்காரர் பல கேம்களுக்கு ஜெர்மானியரைவிட அதிகம் கொடுத்தார். அங்குள்ளவர்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்து முறையிட்டு வந்தார்கள். சிலர் ஸ்டுடியோக்களுக்கு நேரடியாக எழுதி விலையைக் குறைக்க வைத்ததும் உண்டு.

போலந்து இன்னொரு வழக்கிலும் வருகிறது. வால்வும், பாண்டாய் நாம்கோ, காப்காம், ஃபோகஸ் ஹோம், கோச் மீடியா, செனிமேக்ஸ் ஆகிய ஐந்து பப்ளிஷர்களும் சேர்ந்து, போலந்து, செக், ஹங்கேரி, பால்டிக் நாடுகள் போன்ற இடங்களில் வாங்கிய, கேமைத் திறக்கும் கீகள் மேற்கு ஐரோப்பாவில் வேலை செய்யாதபடி பூட்டியிருந்தார்கள். ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரியில் இவர்களுக்கு மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதில் வால்வின் பங்கு 16 லட்சத்துக்குச் சற்று மேல். பப்ளிஷர்கள் விசாரணைக்கு ஒத்துழைத்துத் தள்ளுபடி பெற்றார்கள். வால்வ் மறுத்து மேல்முறையீடு போய் 2023 செப்டம்பரில் தோற்றது. ஒரே சந்தைக்குள் சுவர் கட்டக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். அது புரிகிறது. ஆனால் சுவர் இல்லையென்றால் கிழக்கு ஐரோப்பாவில் மலிவு விலை வைக்க எந்தப் பப்ளிஷருக்கும் காரணம் இல்லை. லிதுவேனியாவில் இருப்பவர் ஜெர்மானியரின் யூரோ விலையையே கொடுக்கிறார். சம விலை என்று பெயர், சம்பளம் சமமில்லை. நல்ல சட்டம் ஒன்று தவறான ஆளைத் தண்டிக்கும் இடம் இது என்று நினைக்கிறேன்.

நமக்கு நெருக்கமான இடம் ஒன்று இந்தப் பேச்சில் அதிகம் வருவதில்லை. அது இலங்கை. ஸ்டீமில் இலங்கை ரூபாய் இல்லை. இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான், பாகிஸ்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் ‘தெற்காசியா’ என்று டாலரில் ஒரே வரிசை. அதில் அமெரிக்க விலையைவிடக் குறைத்து எழுத இடம் உண்டு. ஆனால் எழுதுவது டாலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 8 டாலர் கேம் ஒன்று 1,600 ரூபாயிலிருந்து 2,880 ரூபாய் ஆயிற்று. எந்த ஸ்டுடியோவும் விலையைத் தொடவில்லை, ஏற்றியதாக எந்த அறிவிப்பும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு, கேம் விலை சத்தமில்லாமல் 80 சதவீதம் கூடியிருந்தது. கேம் அப்போது பெரிய கவலையா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் பெசோ சரிந்தபோது பல ஆண்டுகள் தயாரிப்பாளர்கள் சுமந்த அதே நஷ்டத்தை, இலங்கையில் முதல் நாளிலிருந்தே விளையாடுபவர் சுமந்தார் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் 2023இல் வந்த நிலை இலங்கைக்கு அதற்கு முன்பே இருந்தது.

டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. கிழிந்தும் கறைபட்டும் போன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்து ஆட வேண்டிய கேம். 2024இல் பாஃப்டாவின் முதல் கேமுக்கான விருதைப் பெற்றது. அதன் அமெரிக்க விலை 14.99 டாலர். அதே கேமை டொராண்டோத் தமிழர் கனடிய டாலரிலும், சென்னைத் தமிழர் ரூபாயிலும், யாழ்ப்பாணத் தமிழர் அமெரிக்க டாலரிலும் பார்க்கிறார்கள். மூவரில் நாணயத்தின் ஏற்ற இறக்கம் நேராக வந்து தாக்குவது மூன்றாமவரை மட்டும்தான். அந்த மூவரில் தாங்கும் சக்தி குறைந்தவரும் அவர்தான்.

இப்படிப் பல நாடுகளை ஒரே வரிசையில் அடைப்பதில் இன்னொரு குறை இருக்கிறது. ஒரே வரிசையில் நிற்கும் நாடுகளின் வருமானம் ஒன்றல்ல. துருக்கியைச் சேர்த்த மேற்காசிய, வட ஆப்பிரிக்க வரிசையில் ஓமானும் இருக்கிறது, ஏமனும் இருக்கிறது. டாலரில்தான் எழுதுவேன் என்று கடை சொன்னால்கூட, நாட்டுக்கு ஒரு டாலர் விலை வைக்கலாமே. நாணயம் ஒன்றாக இருப்பதால் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

சரியான விலை எது என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல யாராலும் முடியாது. வாங்கும் சக்தியை வைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு டாலர் செய்யும் வேலையை இந்தியாவில் 20 முதல் 24 ரூபாய் செய்கிறது என்பது உலக வங்கிக் கணக்குகளின் போக்கு. அப்படியானால் 60 டாலர் கேம் இங்கே 1,200 முதல் 1,440 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி, காய்கறி எல்லாம் அடக்கம். கேம் ஆடத் தேவையான கிராஃபிக்ஸ் கார்டு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் அது உலகச் சந்தை விலைக்கே, பல நேரம் அதற்கு மேலேயே விற்கிறது. ஆகவே அந்தக் கார்டை வாங்க முடிந்தவருக்கு ஏன் இவ்வளவு சலுகை என்று பப்ளிஷர்கள் கேட்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கணினிக்கே சேமிப்பு கரைந்துபோனவரிடம் மறுபடியும் உலக விலையைக் கேட்பது முறையா என்ற எதிர்க்கேள்வியில் அதைவிட அதிக நியாயம் இருக்கிறது. பெரிய பப்ளிஷர்கள் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். ‘சைபர்பங்க் 2077’ 2020இல் வந்தபோது 59.99 டாலருக்கு இங்கே 2,999 ரூபாய். அது அன்றைய மாற்று விகிதத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதன் 69.99 டாலர் கேம்கள் 4,999 ரூபாய்க்கு விற்றன. அந்த விலைக்கு நம் ஊரில் வாங்குபவர் எண்ணிக்கை எவ்வளவு சுருங்கும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

எண் எதுவானாலும், அதை எழுதிய தேதி முக்கியம். பரிந்துரை அட்டவணை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எந்த மாற்று விகிதத்தை வைத்துத் திருத்தினார்கள் என்பதைக் கடை வாங்குபவருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும், ஒரு திருத்தத்தில் இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று உச்ச வரம்பும் வேண்டும். நாணயம் சரிந்ததற்காக மட்டும் உள்ளூர் விலையைச் சரிசெய்யும் ஸ்டுடியோவுக்கு 30 நாள் தள்ளுபடித் தடையிலிருந்து அந்த நாட்டளவில் விலக்குத் தரலாம். இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்துக்கு எட்டாதது அல்ல. சரிவின் சுமை அப்போது இரு பக்கமும் பிரியும். முதல் சில மாதம் தயாரிப்பவர் தாங்குவார், பிறகு படிப்படியாக வாங்குபவர் தாங்குவார். பெசோவைப் போல எல்லாம் ஒரு பக்கம் குவிந்து ஒரே நாளில் மறுபக்கம் கவிழாது.

தெற்காசிய வரிசையை நாடு நாடாகப் பிரிப்பதும், இலங்கைக்கு இலங்கை ரூபாயில் விலை எழுத வழி செய்வதும் வால்வ் செய்ய வேண்டிய வேலை. சென்னையிலும் கோவையிலும் டொராண்டோவிலும் தமிழர் வாழ்க்கையைக் கேமாக்கும் ஸ்டுடியோக்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. விலை எழுதும் நாளில் அந்த ஒரு வரிசையில் மட்டும் பரிந்துரையை ஏற்காமல் குறைத்து எழுதுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.